பதின்மூன்று அணி, பதினோரு தோட்டம்

போன வாரம் மலேசியாவில், ஈப்போ பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தேநீர்க் கடை. பின்மேசையில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது: "அந்தப் பையன் எங்கே நிலைக்கப் போகிறான்? இது நாலாவது வேலை." அந்தப் பையன் என் மகன். முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பது அவன் அப்பன் என்று அவருக்குத் தெரியாது. நான் சண்டைக்குப் போகவில்லை. தேநீர் நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அடங்காததால்தான் இவ்வளவு நீளமான பதிவு.

மகன் கூடைப்பந்துப் பைத்தியம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காற்பந்துதான் பந்து. இவன் சீனப் பள்ளித் திடலில் ஆடிப் பழகியவன். அவனுடைய நாயகன் ஜோர்டன் இல்லை, இஷ் ஸ்மித் என்ற ஆறடிக்காரர். அந்த ஆட்டத்தில் ஆறடி என்றால் குள்ளம். 2010இல் அமெரிக்க என்.பி.ஏ. அணிகள் புதுமுகங்கள் 60 பேரைத் தேர்ந்தெடுத்தபோது இவர் பெயரை யாரும் கூப்பிடவில்லை. அப்படியும் 14 பருவங்கள் ஆடினார், 13 அணிகளுக்கு. அங்கே இருப்பதே 30 அணிகள்தான். அதற்கு முன் 12 அணி என்ற கணக்கோடு நான்கு பேர் சமமாக நின்றிருந்தார்கள். 2022இல் டென்வருக்குப் போய் அதைத் தாண்டினார். மறு ஆண்டு டென்வர் முதன்முறையாகக் கோப்பையை வென்றது. அப்போது அவர் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில்தான் இருந்தார். இருக்கட்டுமே, வென்ற அணிக்காரர்களுக்குக் கொடுக்கும் மோதிரம் மோதிரம்தான்.

எனக்குப் பிடித்தது பிலடெல்பியாக் கதை. 2015இல் பருவம் முடிந்ததும் அந்த அணி அவரைப் போகவிட்டது. அடுத்த பருவம் தொடங்கி 31 ஆட்டங்களில் ஒன்றில் மட்டும் வென்று ஊர் சிரிக்கக் கிடந்தது. டிசம்பரில், சும்மா போகவிட்ட அதே ஆளை, வருங்காலத்தில் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகள் இரண்டைக் கொடுத்து நியூ ஆர்லியன்ஸிடமிருந்து திரும்ப வாங்கினார்கள். அவர் வந்து ஆடிய முதல் ஆட்டத்திலேயே வெற்றி. அதற்காக அணி தலைகீழாக மாறிவிடவில்லை. அந்தப் பருவத்தில் மொத்தம் 10 வெற்றி, 72 தோல்வி. பந்தை யாரிடம் எப்போது கொடுப்பது என்று தெரிந்த ஓர் ஆள் உள்ளே வந்தார், அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குக் காட்டியவர் என் தாய்மாமா. எழுபதைத் தாண்டியவர், பதினோரு தோட்டங்களில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். புதுத் தோட்டத்தில் அவர் வெட்ட வேண்டிய மர வரிசையான நிரையைக் கொடுத்ததும் உடனே கத்தியை வைக்க மாட்டார். விடியாத இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், முந்தைய ஆள் விட்டுப்போன வெட்டுக்கோட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். எந்தச் சரிவில் இறங்கியிருக்கிறது, எங்கே அவசரப்பட்டு மரத்தில் காயம் பட்டிருக்கிறது, எல்லாம் விரலுக்குத் தெரிய வேண்டும். பிறகு அதே கோட்டில், நகக்கனம் பட்டை சீவுவார். தன் கைவாகுக்காகப் புதுக்கோடு போடுகிறவன் மரத்தைக் கெடுத்துவிடுவான் என்பார். ஒரே தோட்டத்தில் முப்பது வருடம் இருந்தவர்களுக்கு இந்த வித்தை தேவைப்பட்டதே இல்லை.

அவர் ஆசைப்பட்டா பதினோரு தோட்டம் போனார்? தாத்தா இருந்த தோட்டம் துண்டாடலில், அதாவது துண்டு துண்டாக விற்றதில், போயிற்று. நம் தமிழ் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டங்களை வாங்க முனைந்தாரே, அதற்கு முன்பே அது கைமாறிவிட்டது. மாமா காலத்தில் ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள், குத்தகைக்காரர்கள் மாறினார்கள். "கால் தங்காதவன்" என்ற பெயர் மட்டும் மாமாவுக்கு.

இஷ் ஸ்மித்தையும் கேட்டுக்கொண்டா கைமாற்றினார்கள்? பிறந்த ஊரான ஷார்லட்டின் அணியே அவரைச் சேர்த்த பருவம் முடிவதற்குள் வாஷிங்டனுக்குத் தள்ளிவிட்டது. ஆகவே இதைத் தன்னம்பிக்கைப் படமாக்கி, கீழே பொன்மொழி போட்டு எனக்கு அனுப்பிவைக்காதீர்கள். அவருக்குக் கிடைத்தது கோடிக்கணக்கில், மாமாவுக்குக் கிடைத்தது நாள்கூலி என்பதும் தெரியும்.

ஆனால் மாமா கேட்டது வேறு. மகன் கைப்பேசியில் ஆட்டத்தைக் காட்டியபோது பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பதின்மூன்று இடத்திலும் இந்தப் பையனுக்குச் சேமநிதி கட்டினார்களா?" என்றார். ஓய்வுக் காலத்துக்காக முதலாளி கட்ட வேண்டிய பணத்தைச் சொல்கிறார்.

மகன் தேடிப் படித்துச் சொன்னான். அங்கே மூன்று ஆண்டு ஆடினால் ஓய்வூதியம் உண்டு. எந்த அணியில் ஆடினாலும் ஆண்டு ஆண்டுதான். குறைந்தபட்சச் சம்பளமும் அப்படித்தான் ஏறுகிறது. அதுவும் தானாக வந்ததில்லை. 1964இல் பாஸ்டனில், சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் நட்சத்திர ஆட்டம் தொலைக்காட்சியில் போகவிருந்த நேரத்தில், ஓய்வூதியத்துக்கு உறுதி தந்தால்தான் வெளியே வருவோம் என்று ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

மாமா எழுந்து உள்ளே போய் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். பழைய சேமநிதிக் கணக்குத் தாள்கள், ரப்பர் வளையம் இற்றுப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன. நம் நாட்டிலும் கணக்கு ஆளோடுதான் வருகிறது, எங்கே போனாலும், முதலாளி கட்டினால்தானே? பதினோரு இடத்தில் கட்டியவர்கள் இரண்டே பேர்.

"உன் நாலு இடத்திலும் கட்டினார்களா என்று பார், தம்பி" என்றார் மகனிடம்.

அவன் அங்கேயே கைப்பேசியில் திறந்தான். மூன்றாவது வேலையில் ஐந்து மாதத்துக்கு ஒன்றுமே இல்லை. சம்பளத்தில் பிடித்ததற்கான சீட்டுகள் அவனிடம் இருக்கின்றன.

திங்கட்கிழமை ஈப்போவுக்குப் போகிறோம், புகார் கொடுக்க. மாமாவும் வருகிறாராம், டின்னோடு.