காதுகுத்து பிளக்ஸும் ஏழு ஜன்னலும்

இதை எழுதுத நேரம் எங்க வீட்டுப் பட்டாசல்ல மேற்கு ஜன்னல் இருக்க வேண்டிய ஓட்டையில ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளையோட காதுகுத்து பிளக்ஸ் தொங்குது. அதுல கைகூப்பி நிக்க தாய்மாமன்மார் பன்னிரண்டு பேரும், காத்து அடிக்க அடிக்க, உள்ள வாரதும் வெளிய போறதுமா இருக்காவ. ஆனி மாசத்து மேக்காத்து. செங்கோட்டைக் கணவாய்ல நுழைஞ்சு, ஈரத்தையெல்லாம் குத்தாலத்துல இறக்கி வச்சிட்டு, பாளையங்கோட்டைக்கு வெறும் புழுதியைச் சுமந்துட்டு வருமே, அதே காத்துதான். நேத்து ஆட்டி வச்ச தோசை மாவுல செம்மண்ணு. எங்க அம்மா ஒரு வார்த்தை பேசல. மாவுச் சட்டியைக் கொண்டாந்து என் முன்னால வச்சிட்டு அந்தால போயிட்டா.

நாலு மாசம்வே. ஏழு ஜன்னலை மாத்த நாலு மாசம். நான் முதல் கடைக்குப் போன அன்னைக்கு எதுத்தாப்புல அஸ்திவாரம் தோண்டிக்கிட்டு இருந்தவன் இப்ப கான்கிரீட் போட்டு முடிச்சு, மேல தண்ணி கட்டி விட்டுருக்கான்.

வீடு எங்க அப்பா 1984-ல கட்டினது. முன்பக்கம் ரெண்டு ஜன்னல் நல்ல தேக்கு, வாரவங்க போறவங்க பாக்கணும்லா. பின்னால போகப் போகக் காசு தீந்து, படுக்கை ரூமு, அடுக்களை, மச்சுக்கெல்லாம் கிடைச்ச நாட்டு மரம். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அந்த மழையில கதவெல்லாம் ஊறி உப்பிப்போச்சு. காஞ்ச பொறவு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கமா முறுக்கிக்கிட்டு நின்னுச்சு. அந்த ஈரத்தோட கரையானும் ஏறியிருக்கு, எங்களுக்குத் தெரியல. இந்த மாசியில பெயிண்ட் அடிக்கலாம்னு உப்புத்தாளை வச்சுத் தேச்சா, கட்டைவிரல் பொத்துனு உள்ள போயிட்டு. பெயிண்ட் மட்டும் ஜன்னல் உருவத்துல நிக்குது, உள்ள மரத்தைக் காணோம்.

சரி, மரம்னா செங்கோட்டைன்னு சின்னப்பிள்ளையில இருந்து கேட்டு வளந்தவன் நான். பஸ்ஸேறிப் போனேன். மரக்கடைக்காரரு நல்லாத்தான் பேசினாரு, டீயெல்லாம் வாங்கித் தந்தாரு. பட்டையோட உருண்டு கிடந்த ஒரு தடியைக் காலால தட்டி, "ஒரிஜினல் பர்மா, அண்ணாச்சி"ன்னாரு. பர்மாக்காரன் 2014 ஏப்ரல் 1-ந் தேதியோட முழுத்தடி ஏத்துமதியையே நிறுத்திட்டான். அதுக்கப்புறம் அறுத்த மரம்தான் அங்கிருந்து வெளிய வரணும். இதைப் பைய எடுத்துச் சொன்னேன். "இது பழைய ஸ்டாக்கு"ன்னாரு. பத்து வருஷத்துப் பழைய ஸ்டாக்குல பட்டை உரிஞ்சு போகாம பச்சையா ஒட்டிக்கிட்டு இருக்கு! வெட்டுவாயைக் குனிஞ்சு பாத்தா, நடுவுல வைரம், அதான் கெட்டி மரம், ஒரு சாண் இருந்தா பெருசு, சுத்தி எல்லாம் வெள்ளை, இளசு மரம். கரையானுக்கு வெள்ளை கிடைச்சா கல்யாண வீடு. எங்க பின்பக்கத்து ஜன்னலைத் தின்னதும் இதே கதைதான். இதுக்கு அவரு சொன்ன விலையும், அதுக்கு மேல ஆசாரி கூலியும் போட்டுப் பாத்தேன். பிளாஸ்டிக் ஜன்னலைப் போல ரெண்டு மடங்குக்கு மேல வந்துச்சு. கொடுக்கலாம், மரம் உண்மையா இருந்தா. டீக்கு நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்.

அலுமினியக் கடையில ரொம்ப நேரம் ஆகல. செக்‌ஷன், அதான் சட்டத்துக்கு அறுக்குற அலுமினியக் குழாய், எத்தனை மில்லிமீட்டர் கனம், நாலுக்கு நாலு ஜன்னல் ஒண்ணு எத்தனை கிலோ வரும்னு கேட்டேன். "கிலோவா? இது என்ன கத்திரிக்காயா அண்ணாச்சி?"ன்னு ஒரு சிரிப்பு. அலுமினியத்தை அவன் வாங்குறதே கிலோ கணக்குலதான். கனத்தைக் குறைச்சா எடை குறையும், எடை குறைஞ்சா அவனுக்கு மிச்சம், அது நமக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். திருச்செந்தூர்ல கடலைப் பாத்து வீடு கட்டின என் மச்சினனுக்கு, உப்புக்காத்துல அதே மாதிரி மெல்லிசு செக்‌ஷன் புள்ளி புள்ளியா அரிச்சுப்போய் நிக்குது.

இதுல பெரிய கூத்து என்னன்னா, ஒருத்தனும் தன் சரக்கைப் பத்திப் பேச மாட்டான். மரக்காரன்கிட்ட போனா "பிளாஸ்டிக் நம்ம ஊரு வெயிலுக்கு உருகிரும்"ங்கான். பிளாஸ்டிக்காரன்கிட்ட போனா "அலுமினியம் அடுப்பு மாதிரி கொதிக்கும்"ங்கான். அலுமினியக்காரன் "மரத்தைக் கரையான் திங்கும்"ங்கான். அது எனக்குத் தெரியாதா, அதுக்குத்தானவே உன் கடைக்கே வந்திருக்கேன்!

பதினோரு கடை ஏறி இறங்கினேன். உங்க ஜன்னல் எந்தத் திசை பாத்து இருக்குன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் கேக்கலவே. மேற்கு ஜன்னலுக்குப் புழுதியும் சாயங்கால வெயிலும்தான் பிரச்சினை. வடக்கும் கிழக்கும் ஐப்பசி, கார்த்திகையில சாரல் உள்ள அடிக்காம தாங்கணும். அடுக்களை ஜன்னல் முழுசாத் திறக்கணும், இல்லாட்டி தாளிக்கிற புகை பட்டாசலுக்கு வந்து நம்ம கூட உக்காந்து டிவி பாக்கும். மூணும் மூணு சோலி. ஆனா எல்லாத்துக்கும் ஒரே பதில்: "சிலைடிங் போட்டுருவோம்." ஒண்ணு மேல ஒண்ணு நகருத ரெண்டு கண்ணாடி சிலைடிங்ல நாலடி ஜன்னல் வச்சா ரெண்டடிதான் திறக்கும். நாலடிக்குக் காசு வாங்கி ரெண்டடி காத்து கொடுக்கான்.

எங்க அப்பா போட்ட ஜன்னலுக்கு நாலு கதவு. மேல ரெண்டு, கீழ ரெண்டு. மத்தியானம் கீழ ரெண்டையும் சாத்திட்டு மேல மட்டும் திறந்து வச்சா, தெருவுல போறவனுக்கு உள்ள படுத்திருக்க ஆள் தெரியாது, சூடு மேல வழியாப் போயிரும். காத்து பலமா அடிச்சா கொக்கியை மாட்டி விட்டா அசையாது. இதைப் போட்டுத் தருவியான்னு கேட்டா ஏதோ கோட்டிக்காரனைப் பாக்க மாதிரி பாக்கான். ஒருத்தன் மட்டும் டபுள் கிளாஸ் போடச் சொன்னான், ஏசி கரண்டு மிச்சமாகுமாம். வருஷத்துல பாதி நாள் ஜன்னலைத் திறந்தே போடுற வீட்டுக்கு எதுக்குய்யா ரெட்டைக் கண்ணாடி? திறந்த ஜன்னல்ல ரெட்டை என்ன, ஒத்தை என்ன?

இனி ரேட்டுக்கு வாரேன். எனக்கு ரத்தம் கொதிக்குத இடமே இதுதான்.

யூபிவிசின்னு, அதான் அந்த பிளாஸ்டிக் ஜன்னல்னு, முடிவு பண்ணிட்டேன், சரியா. மூணு கடையில கேட்டா சதுர அடி 480, 650, 850. மூணும் வெள்ளை, மூணும் பளபளப்பு. ஏன் இத்தனை வித்தியாசம்னு கேட்டா, "குவாலிட்டி அண்ணாச்சி." குவாலிட்டின்னா என்ன, அதைச் சொல்லு. சட்டத்தோட சுவரு எத்தனை மில்லி? உள்ள இரும்பு உண்டா? கண்ணாடி எத்தனை மில்லி? கொசுவலை சேத்தா, தனியா? இதுல ஒண்ணுக்கும் பேப்பர்ல பதில் இருக்காது. பேப்பர்ல இருக்கது சதுர அடி ரேட்டும், அடியில பொடி எழுத்துல "18 சதவீதம் ஜிஎஸ்டி தனி"யும் மட்டும்தான்.

அளவு எடுக்க வந்த பையன் டேப்பைப் பிடிச்சான். ஜன்னல் 46 அங்குலத்துக்கு 52 அங்குலம். நோட்டுல 48-க்கு 54-ன்னு எழுதுதான். என்னடான்னா, "அரையடிக்கு ரவுண்டு பண்ணுவோம், எல்லாக் கடையிலயும் அப்படித்தான்." நெசமாவே 16.6 சதுர அடி இருக்கது பேப்பர்ல 18 ஆயிட்டு. 650 ரூபான்னு வச்சா ஜன்னலுக்கு ஏறக்குறைய 900, ஏழு ஜன்னலுக்கு 6,300 ரூபா, இல்லாத ஜன்னலுக்கு! டவுன்ல அல்வாக்கடையில 450 கிராமை நிறுத்து வச்சுட்டு "அரைக்கிலோவா ரவுண்டு பண்ணிட்டோம்"னு சொன்னா விடுவோமா? ஜன்னலுக்கு மட்டும் விடுதோம்.

பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தம் ஒண்ணு வீட்டுல கிடந்துச்சு. அதைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டுத்தான் கடைக்குக் கடை ஏறுவேன். யூபிவிசி சட்டத்துக்குள்ள கால்வனைஸ் இரும்பு வச்சிருந்தா காந்தம் இழுக்கும். இல்லாட்டி கையோட வந்துரும். 480 ரூபாக் கடையில கீழ விழுந்து உருண்டு மேசைக்கு அடியில போயிட்டு. "இரும்பு வேணும்னா தனி ரேட்டு"ன்னான். 850 கடையில நல்லா ஒட்டுச்சு. 650 கடையில மாதிரிக்கு வச்சிருந்த ஜன்னல்லயும் ஒட்டுச்சு. அப்ப இதுதான் கூறான கடைன்னு நானே என் வாயால ஆர்டர் கொடுத்தேன். 5 மில்லி டஃபண்டு கண்ணாடின்னு (சூடேத்திக் கெட்டியாக்கினது) பேனாவால எழுதியும் வாங்கினேன். அம்பது சதவீதம் அட்வான்ஸ், சாமான் இறங்கினதும் நாப்பது. ரொம்பக் கெட்டிக்காரன்னு நினைப்பு எனக்கு.

மாட்ட வந்தாவ. முதல் ரெண்டு நாள்ல அஞ்சு ஜன்னல் ஏறிட்டு. மூணாம் நாள் மேற்கு ஜன்னல். நான் திண்ணையில உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கேன். கண்ணாடி சட்டத்துக்குள்ள இறங்கல, மூணு மில்லி கூடுதல் போல. அந்தப் பையன் கண்ணாடியைச் சாக்கு மேல படுக்கப் போட்டான். ஸ்கேல் வச்சான். டைமண்டு கட்டரை மண்ணெண்ணெய்ல தொட்டு சர்ருனு ஒரு கோடு. ரெண்டு தட்டு தட்டி, குறடால மடக்கினான். ஓரம் பட்டுனு நூல் பிடிச்ச மாதிரி கழண்டு வந்துட்டு.

எனக்குக் காப்பி தொண்டைக்குள்ள இறங்கல. டஃபண்டு கண்ணாடியை வெட்டவே முடியாதுவே. வேண்டிய அளவுக்கு வெட்டின பொறவுதான் அதைச் சூளையில சூடேத்தி, சட்டுனு காத்தடிச்சு ஆற வைப்பாவ. அதுக்கப்புறம் கட்டர் வச்சு உடைக்கப் பாத்தா முழுக் கண்ணாடியும் கல்கண்டு மாதிரி பொலபொலன்னு உதிர்ந்துரும். இங்கன என்னடான்னா பனங்கிழங்கு நார் உரிக்க மாதிரி உரிக்கான். "தம்பி, இது டஃபண்டா?" "ஆமா அண்ணாச்சி." "அப்ப எப்படிடே வெட்டுத?" "பழக்கம் அண்ணாச்சி."

பழக்கமாம்! மாட்டின அஞ்சு ஜன்னலையும் போய்ப் பாத்தேன். மூலையில இருக்க வேண்டிய சின்ன முத்திரை ஒண்ணுலயும் இல்ல. ஓனருக்குப் போன் போட்டா, "கண்ணாடி சப்ளை வேற பார்ட்டி அண்ணாச்சி, நாங்க என்ன செய்ய?" உனக்குத்தானய்யா ரூபா கொடுத்தேன், அந்தப் பார்ட்டியை நான் எங்கன போய்த் தேடுவேன்?

வந்த எரிச்சல்ல வடக்கு ஜன்னல் மேல ஹோஸ் பைப்பைப் பிடிச்சேன். ஐப்பசி மழை வரைக்கும் காத்திருந்தா இவன் போனையே எடுக்க மாட்டான். அஞ்சு நிமிஷத்துல கீழ்த்தடத்துல தண்ணி தேங்கி, நிறைஞ்சு, உள்பக்கமா சுவத்துல வழியுது. அந்தத் தடத்துல தண்ணி வெளிய போக ஓட்டை இருக்கும், கம்பெனியிலயே வெட்டித்தான் வந்திருக்கு. பைய குனிஞ்சு பாத்தா, அத்தனை ஓட்டையையும் சிலிக்கான் வச்சு அழகா அடைச்சிருக்கான். எதுக்குன்னா, "எறும்பு வரும்லா அண்ணாச்சி." பத்து வருஷ வாரண்டி கார்டை எடுத்துப் பாத்தேன். சட்டம் பழுத்து மஞ்சளானா மாத்தித் தருவாவளாம். உருளை, கைப்பிடி, ரப்பர், தண்ணி ஒழுகுதது ஒண்ணுக்கும் பொறுப்பில்ல. ஊசி வச்சு ஓட்டை ஓட்டையா சிலிக்கானைத் தோண்டி எடுத்தது நான்தான். ரெண்டு மணி நேரம்.

இன்னொண்ணும் இருக்கு. பழைய நிலையைப் பேத்து எடுக்கும்போது சுத்தி ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்துட்டு. கொத்தனாரு, சிமெண்டு, மணலு, பட்டி, பெயிண்டு எல்லாம் என் தலையில. கணக்குப் பாத்தா ஜன்னல் காசுல மூணுல ஒரு பங்கு சுவத்துக்கே போயிட்டு. எந்தக் கொட்டேஷன்லயும் இதுக்கு ஒரு வரி கிடையாது. ரெண்டு நிலையில கரையானே ஏறல, கதவுதான் போயிருந்துச்சு. நிலையை அப்படியே விட்டுட்டுக் கதவை மட்டும் புதுசாப் போட்டிருக்கலாம்னு பூச வந்த கொத்தனாருதான் சொன்னாரு. அதையும் எல்லாத்தையும் உடைச்ச பொறவு சொன்னாரு.

இப்ப மேற்கு ஜன்னல் கண்ணாடியைத் திருப்பி அனுப்பிட்டேன். மாட்டின அஞ்சுலயும் கண்ணாடியைக் கழட்டி மாத்தணும், அப்பத்தான் பாக்கிப் பத்து சதவீதம்னு சொல்லிட்டேன். "ரெண்டு நாள்ல வந்துரும்"னு சொல்லி, அந்தப் பையன் வண்டியில கிடந்த பிளக்ஸை எடுத்து ஓட்டையில கட்டிட்டுப் போனான். இன்னையோட ஒன்பது நாள்.

காலையில அவனே போன் பண்ணினான். கண்ணாடி வந்துட்டுன்னு நினைச்சு ஓடிப் போய் எடுத்தேன். "அண்ணாச்சி, ஓனர் வீட்டுக் காதுகுத்து வார ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு அவசரத்துல புது பிளக்ஸைக் கட்டிட்டேன். கொஞ்சம் கழட்டி வையுங்க, வந்து எடுத்துக்கிடுதேன்."

கண்ணாடியோட வந்தா எடுத்துக்கன்னு சொல்லிட்டேன்.