கடல் போய்விட்டது, மாப்பிள்ளை!

(பிரான்சின் பிரிட்டனிக் கடற்கரையில் உள்ள சான்-மாலோ நகரம். கோடைக்காலக் காலை. கோட்டை மதிலின்மேல் இருவர்: சென்னையிலிருந்து வந்திருக்கும், கருவூலத் துறையில் ஓய்வு பெற்ற மாமனார்; பாரிஸில் வேலை பார்க்கும் மருமகன்.)

மாமனார்: குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம், மாப்பிள்ளை. கடல் தெரியும் அறை என்று கூடுதலாகப் பணம் கட்டினீர்கள். நேற்றிரவு சன்னலுக்குக் கீழே வந்து சுவரில் முட்டிக்கொண்டிருந்த கடல் இப்போது எங்கே?

மருமகன்: இது வற்றும் நேரம், மாமா. அட்லாண்டிக்கின் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றம், ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழையும்போது கோத்தாந்தென் தீபகற்பம் குறுக்கே நிற்பதால், தண்ணீர் இந்த வளைகுடாவிலேயே குவிந்து, பெரிய ஓத நாட்களில் 12 மீட்டர் வரைகூட ஏறி இறங்குகிறது.

மாமனார்: நம் வீடு மொட்டைமாடியோடு மூழ்கிவிடுமே! கடல் உள்வாங்கினால் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும் என்று 2004-இல் கற்றுக்கொண்டவன் நான். இவர்கள் என்னவென்றால், கைக்குழந்தையையும் வாளியையும் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போகிறார்கள்.

மருமகன்: தினமும் இருமுறை போய் இருமுறை வருவதுதானே, மாமா. நாம் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல இவர்கள் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டே இறங்குவார்கள். பக்கத்தில் ரான்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் ஓர் அணை கட்டி, போய்வரும் இந்தத் தண்ணீரிலிருந்து 1966 முதல் மின்சாரமும் எடுக்கிறார்கள்.

மாமனார்: சும்மா திரிகிறது என்று நினைத்தேன், உத்தியோகமும் பார்க்கிறதா? சரி, மணல்வெளி நடுவே நீச்சல்குளம் ஒன்று தெரிகிறதே, அது யாருடையது?

மருமகன்: ஊருக்குப் பொதுவானது. கடல் வற்றும்போது கொஞ்சம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்படி சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கடல் ஏறியதும் குளம் மறைந்துவிடும். குதிக்கும் மேடை மட்டும் அலைக்கு நடுவே தனியாக நிற்கும்.

மாமனார்: இருப்பு வைத்துவிட்டுப் போகும் கடலை இப்போதுதான் பார்க்கிறேன். நம் துறையில் சேர்த்துக்கொள்ளலாம். எப்படியோ, கட்டடங்கள் அருமை. எத்தனை நூற்றாண்டு பழையவை!

மருமகன்: மதில்கள் பழையவை, மாமா. உள்ளே இருந்த நகரம் 1944 ஆகஸ்டில் குண்டுவீச்சிலும் தீயிலும் பெரும்பாலும் அழிந்துவிட்டது. போருக்குப் பிறகு அதே கருங்கல் தோற்றத்தில் திரும்பக் கட்டினார்கள்.

மாமனார்: அப்படியானால், காலையிலிருந்து கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து நான் வியந்த வீடுகளுக்கெல்லாம் என் வயதுதான் இருக்குமா? என்னை ஒருவரும் படம் எடுக்கவில்லையே!

மருமகன்: (பேச்சை மாற்றுகிறார்.) அதோ, அந்தப் பாறைத் தீவு கிரான் பே. இந்த ஊரில் 1768-இல் பிறந்த எழுத்தாளர் ஷத்தோபிரியானின் கல்லறை அங்கே இருக்கிறது. கடல் வற்றியிருக்கும்போது நடந்தே போகலாம். அவரது விருப்பப்படி கல்லில் பெயர்கூடப் பொறிக்கவில்லை.

மாமனார்: பெயரே இல்லாமலா? நம் ஊர்க் கோயிலில் வெளிச்சம் வெளியே வர முடியாத அளவுக்கு ட்யூப் லைட்டில் உபயதாரர் பெயரை எழுதுகிறோம். போனால் எப்போது திரும்பலாம்?

மருமகன்: தண்ணீர் பாதையை மூடுவதற்குள் திரும்ப வேண்டும். மாட்டிக்கொண்டால் கடல் மறுபடி வழிவிடும்வரை பல மணி நேரம் அங்கேயேதான்.

மாமனார்: கையெடுத்துக் கும்பிட இங்கிருந்தே முடியும். வேறு யார் பிறந்தார்கள், உள்நாட்டுக்காரர்களாகச் சொல்லுங்கள்.

மருமகன்: பெரும்பாலும் கடலோடிகள்தான். அரசின் உரிமச் சீட்டோடு எதிரிக் கப்பல்களைக் கொள்ளையிட்டவர்கள் இந்த ஊரின் பெருமை. சுர்கூஃப் என்பவர் 1800-இல் நம் வங்காள விரிகுடாவுக்கே வந்து 'கென்ட்' என்ற ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தார். அவருக்கும் முன்னால், 1699-இல் இங்கே பிறந்த லா பூர்தொனே... (நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.)

மாமனார்: நிறுத்தாதீர்கள். 1746-இல் சென்னைக் கோட்டையைப் பிடித்தவர்தானே? கோட்டையைத் திருப்பித் தர 11 லட்சம் வராகன் பேசி முடித்த ஆள். இவ்வளவு தூரம் வந்து அவருடைய ஊரில்தானா அறை எடுத்திருக்கிறீர்கள்?

மருமகன்: மாமா, அந்த உடன்பாட்டைப் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் ஏற்கவில்லை. ஊர் திரும்பிய லா பூர்தொனேயை அவருடைய அரசே பஸ்தீல் சிறையில் அடைத்துவிட்டது. குற்றமற்றவர் என்று 1751-இல்தான் வெளியே விட்டார்கள்.

மாமனார்: இது நல்ல செய்தி. வாருங்கள், காப்பி குடிக்கலாம். காசை மட்டும் அந்த 11 லட்சத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மருமகன்: கடைக்காரருக்கும் அதற்கும் என்ன தொடர்பு, மாமா? அதோடு, பிறகு இரு நாட்டு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி 1749-இல் சென்னையை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள்.

மாமனார்: முடித்துவிட்டார்களா? கோட்டையை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வைத்திருந்ததற்கு வாடகை?