பத்தாம் வகுப்பு மார்க்கையும் சேர்த்துப் போடுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் இரண்டு கட்சி கிளம்பிவிடும். "பார்த்தீர்களா, அரசுப் பள்ளி என்றால் இவ்வளவுதான்" என்று ஒரு கட்சி. "கூலி வேலை செய்பவர் மகள் 600க்கு 590, அரசுப் பள்ளின்னா சும்மாவா" என்று இன்னொரு கட்சி. இருவர் கையிலும் இருப்பது ஒரே புள்ளிவிவரத் தாள். அந்தத் தாளே அரைகுறை என்பது என் வாதம்.

2025 மே மாத முடிவையே எடுத்துக்கொள்வோம். மொத்தத் தேர்ச்சி 95.03 சதவீதம். அரசுப் பள்ளிகள் 91.94, அரசு உதவிபெறும் பள்ளிகள் 95.71, தனியார் சுயநிதிப் பள்ளிகள் 98.88. இந்த மூன்று எண்ணையும் வரிசையாகப் பார்த்ததும், காசு கட்டக் கட்டப் படிப்பு ஏறுகிறது என்று தோன்றத்தான் செய்யும். சரி, இந்தப் பிள்ளைகள் பிளஸ் ஒன்னில் வந்து சேரும்போது பத்தாம் வகுப்பில் எவ்வளவு வாங்கியிருந்தார்கள்? அந்தத் தாளில் எங்கேயும் அது இல்லை.

நான் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் காமர்ஸ் எடுக்கிறவன். ஜூன் மாத அட்மிஷனை வருஷா வருஷம் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்கே, அரசுப் பள்ளியில் 480க்கு மேல் எடுத்த பிள்ளைகளின் வீட்டுக்குத் தனியார் பள்ளிகளிலிருந்து போன் போய்விடும். ஃபீஸ் வேண்டாம், வேன் இலவசம், ஹாஸ்டல் வேண்டுமென்றால் அதுவும் இலவசம். அப்பா அம்மாவுக்குத் தலைகால் புரியாது. போகத்தான் செய்வார்கள், நானாக இருந்தாலும் அனுப்புவேன். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பிள்ளை படம் பஸ் ஸ்டாண்டு பிளெக்ஸில் இருக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை எழுத்தறிவித்தது யார் என்று பிளெக்ஸில் போட இடம் இருக்காது.

இதே மாதத்தில் எதிர்த்திசையில் இன்னொரு போக்குவரத்தும் நடக்கும். "உங்க பையனுக்கு இங்கே கஷ்டமா இருக்கும், வேற இடம் பாத்துக்கோங்க" என்று டி.சி. கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் வருவார்கள். ஒன்பதாம் வகுப்போடு நாசூக்காகக் கழற்றிவிடப்பட்டவர்களும் இதில் உண்டு. சில இடங்களில் தேறாது என்று தோன்றுகிற பையனைப் பள்ளி கணக்கில் சேர்க்காமல் பிரைவேட்டாக எழுத வைப்பார்கள். பள்ளியின் நூறு சதவீதம் அப்படியே பத்திரமாக இருக்கும். அரசுப் பள்ளி ஹெச்.எம். 190 எடுத்த பிள்ளையிடம் உனக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது.

எங்கள் காமர்ஸ் பேப்பரை வைத்தே சொல்கிறேன். தியரி 90, இன்டர்னல் 10. அந்த 90இல் ஒரு மார்க் கேள்வி இருபது. அப்புறம் ஏழு இரண்டு மார்க், ஏழு மூன்று மார்க், ஏழு ஐந்து மார்க். தியரியில் 25 எடுத்துவிட்டால் இன்டர்னல் பத்தோடு சேர்ந்து 35, பாஸ். அரையாண்டில் 12 எடுத்த ஒரு பையனை இந்த 25க்குக் கொண்டுவருவது என்ன வேலை என்று உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவன் காலையில் பேப்பர் போட்டுவிட்டு வருவான், அல்லது கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டு இரவு ஒரு மணிக்குப் படுத்திருப்பான். முதலில் அவனை வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். அதற்கு வீட்டுக்குப் போக வேண்டும், அம்மாவிடம் பேச வேண்டும். பிறகு பாட முடிவில் இருக்கிற ஒரு மார்க் கேள்விகள், அதாவது புக் பேக் ஒன் வேர்டு, எல்லாவற்றையும் சொல்லச் சொல்லி, எழுதச் சொல்லி, மறுபடி சொல்லச் சொல்லி, அதில் ஒரு பதினைந்து. பாடத்துக்கு இரண்டு கேள்வி வீதம் மினிமம் மெட்டீரியல் போட்டு, அதில் ஒரு பத்து. இதற்கே ஜனவரி, பிப்ரவரி போய்விடும்.

இன்னொரு பள்ளியில் என்னைப் போன்ற ஒரு வாத்தியார் இதே ஜனவரியில் 96ஐ 100 ஆக்கிக்கொண்டிருப்பார். பாடத்துக்கு உள்ளிருந்து வரும் ஒன் வேர்டு எது, கட்டாயக் கேள்வி எங்கிருந்து வரலாம் என்று தினம் ஒரு டெஸ்ட். அதுவும் உழைப்புதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. மே மாதம் வரும் தாளில் அவருடைய நாலு மார்க்குக்குச் சென்டம் என்று தனிப் பட்டியல் உண்டு. என் 13 மார்க் பாஸ் கணக்கில் ஒரு தலை, அவ்வளவே. அந்தப் பையன் 24இல் நின்றுவிட்டாலோ, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரான சி.இ.ஓ. மீட்டிங்கில் ஹெச்.எம்.மை எழுப்பி நிற்க வைத்து விளக்கம் கேட்பார்கள்.

பேப்பர் திருத்தும் கேம்ப்பில் பள்ளிப் பெயர் தெரியாது, டம்மி நம்பர்தான். ஆனாலும் ஒரு கட்டைப் பிரித்து நாலைந்து தாள் புரட்டினால் ஓரளவு பிடிபட்டுவிடும். அடுத்தடுத்த தாள்களில் ஒரே துணைத்தலைப்பு, ஒரே வரிசை, ஒரே இடத்தில் அடிக்கோடு. விடைக்குறிப்பான கீயில் உள்ளது உள்ளபடி இருக்கும், டிக் போட்டுக்கொண்டே போகலாம். வேறொரு கட்டில் ஒருவன் நுகர்வோர் உரிமைகள் கேள்விக்குப் புத்தக வரியை விட்டுவிட்டு, ரேஷன் கடையில் எடை குறைந்ததற்குத் தன் பாட்டி போட்ட சண்டையை எழுதியிருப்பான். பாடம் அவனுக்குப் புரிந்திருக்கிறது. கீயில் இல்லையே. பக்கத்து ஆளிடம் காட்டி, சீஃப் எக்ஸாமினரிடம் கேட்டு, போடக்கூடிய மார்க்கைப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போவோம்.

முதலிடங்களை ஒப்பிடுவதில் இன்னொரு கோளாறு, பாடமே வேறு வேறு. 2025இல் கணினி அறிவியலில் நூற்றுக்கு நூறு ஒன்பதாயிரம் பேருக்கு மேல். இயற்பியலில் ஆயிரத்துச் சொச்சம். தமிழில் நூற்றுச் சொச்சம்தான். ஒரு பள்ளியில் எந்த குரூப் இருக்கிறது, யார் எந்த குரூப் எடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் 590ஐயும் 570ஐயும் பக்கத்தில் வைத்தால் எதுவும் தெரியாது.

2023இல் 600க்கு 600 வாங்கியது அரசு உதவிபெறும் பள்ளியில் காமர்ஸ் படித்த ஒரு மாணவி. அப்பா தச்சுத் தொழிலாளி. எங்கள் வகைப் பள்ளி, எங்கள் பாடம், எனக்குச் சந்தோஷம் தலைக்கேறியது உண்மை. அடுத்த நாளே ஆரம்பித்துவிட்டார்கள்: "பாருங்கள், உழைத்தால் போதும், எந்தப் பள்ளியாக இருந்தாலென்ன." இது எனக்கு ஒத்துக்கொள்ளவே முடியாத பேச்சு. அந்தப் பெண்ணின் உழைப்பைக் காட்டி, மற்ற பிள்ளைகளுக்குக் கிடைக்காததை எல்லாம் அவர்கள் சோம்பேறித்தனத்தில் எழுதிவிடுவது.

ஒரே மார்க் எல்லாப் பள்ளியிலும் ஒரே மதிப்புடையதல்ல என்று அரசே ஒப்புக்கொண்டாயிற்று. 2020இல் நீதிபதி கலையரசன் குழு அறிக்கையை வைத்து, நீட் பாஸ் செய்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. முதல் வருஷமே முந்நூறுக்கு மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள். 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. நல்ல சட்டம். எங்கள் உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் வெளியே. அதே தெரு, அதே ரேஷன் அட்டை, அண்ணன் அரசுப் பள்ளி, தங்கை எங்கள் பள்ளி. அண்ணனுக்கு உண்டு, தங்கைக்கு இல்லை. வகை பார்த்துக் கணக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

அந்த வகைகளுக்கு உள்ளேயே ஏகப்பட்ட வகை. தனியார் என்றால் நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளியும் தனியார்தான், ஆட்டோக்காரர் பிள்ளைகள் படிக்கிற, வாத்தியார்களுக்கு மாசச் சம்பளத்தைத் தவணையில் கொடுக்கிற குட்டி மெட்ரிக் பள்ளியும் தனியார்தான். அரசு என்றால் மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலம், பழங்குடியினர் உண்டு உறைவிடம், மதுரை தேனிப் பக்கத்துக் கள்ளர் சீரமைப்பு எல்லாம் வரும். இப்போது மாவட்டத்துக்கு ஒன்றாக மாதிரிப் பள்ளி. அங்கிருந்து ஐ.ஐ.டி.க்குப் பிள்ளைகள் போகும்போது நானும் கைதட்டுகிறேன். ஆனால் மற்ற அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிப்பவர்களைப் பொறுக்கி எடுத்துத்தான் அங்கே சேர்க்கிறார்கள். தனியார் போன் போட்டுச் செய்வதை அரசு சர்க்குலர் போட்டுச் செய்கிறது.

2017இல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது கல்வித் துறை செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று. பிளஸ் ஒன் பாடத்தையே தொடாமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தை ஓட்டிய பள்ளிகளுக்குக் கடிவாளமாக 2018இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. அதை 2025–26 முதல் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறையும், சரி. பிளஸ் ஒன் பாடம் இனி எத்தனை பள்ளிகளில் நடக்கும் என்று நினைத்தால்தான் எனக்குக் கவலை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸில் பிள்ளைக்குப் பிள்ளை எண் இருக்கிறது. அதற்கு விவரம் ஏற்றி ஏற்றியே எங்கள் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. பத்தாம் வகுப்பு மார்க் அரசிடம் இருக்கிறது, பிளஸ் டூ மார்க்கும் இருக்கிறது. இரண்டையும் இணைத்து, பத்தாம் வகுப்பில் 200 முதல் 250 வரை எடுத்துச் சேர்ந்தவர்கள் இந்தப் பள்ளியில் பிளஸ் டூவில் எங்கே போய் நின்றார்கள், 450க்கு மேல் எடுத்துச் சேர்ந்தவர்கள் எங்கே நின்றார்கள் என்று பள்ளி வாரியாகப் போடட்டும். இங்கிலாந்தில் புரோக்ரஸ் 8 என்ற பெயரில் 2016 முதல் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார்கள். 11 வயதில் எடுத்த மார்க்கிலிருந்து 16 வயதில் எவ்வளவு தூரம் வந்தார்கள் என்று. கொரோனா காலத்தில் அந்த 11 வயதுத் தேர்வு நடக்காததால் 2025க்கும் 2026க்கும் கணக்குப் போட முடியவில்லை. நம்மூரிலும் 2021இல் பத்தாம் வகுப்பு ஆல் பாஸ், மார்க்கே இல்லை. ஆக, 2023 பேட்சுக்கு இந்தக் கணக்கு வராது. மற்ற வருஷங்களுக்கு என்ன தடை?

குறை இருக்காதா என்றால் இருக்கும். அங்கேயே வீட்டு வறுமையை இது கணக்கில் எடுப்பதில்லை என்று விமர்சனம் உண்டு. நம் ஆட்கள் இதையும் பிளெக்ஸ் ஆக்குவார்கள் என்பதும் தெரியும். "முன்னேற்றத்தில் மாவட்டத்தில் முதலிடம்" என்று இப்போதே எனக்குக் கண்ணில் தெரிகிறது. ஆக்கட்டுமே. 12ஐ 25 ஆக்கிய வாத்தியாருக்கு ஒரு தடவையாவது பிளெக்ஸ் விழட்டும்.

கூடவே இன்னொரு எண்ணும் வேண்டும். பிளஸ் ஒன்னில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அதே பள்ளியிலிருந்து பிளஸ் டூ எழுதியவர்கள் எத்தனை பேர். அரசு போடும்வரை காத்திருக்க வேண்டாம், அட்மிஷனுக்குப் போகிற பெற்றோரே ஆபீஸில் கேட்கலாம். எங்கள் பள்ளியிலும் கேளுங்கள். சென்டம் எத்தனை என்று சொல்கிற வேகத்தில் இதற்குப் பதில் வரவில்லை என்றால், ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் இன்னொரு பள்ளியையும் பார்த்துவிட்டு வாருங்கள்.