துக்கத்துக்குப் போகலாம், கையெழுத்து மட்டும் வேண்டாம்

பகையான சொந்தக்காரர் செத்தால் துக்கத்துக்குப் போகலாமா என்ற கேள்விக்கு, "செத்தவரோடு என்ன பகை, போய் நின்றுவிட்டு வாருங்கள்" என்று ஒரு கட்டுரையாளர் முடித்துவிட்டார். தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் நம் வீடுகளில் அது அவ்வளவு லேசில்லை. தாத்தா வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட பெரியப்பா போய்ச் சேர்ந்தால் அழுகையும் வரும், "அப்பாடா" என்றும் இருக்கும், அப்படி நினைத்ததற்கு உறுத்தலும் வரும். எதுவும் நடிப்பில்லை.

போவதென்றால் கையில் ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்: நாற்காலி போடுவது, மரக்கறிச் சாப்பாடு பரிமாறுவது. சும்மா உட்கார்ந்தால் "நாலு வார்த்தை பேசு" என்று இழுத்து நிறுத்துவார்கள். வாய்க்கரிசி போடச் சொல்லிப் பிள்ளைகளை முன்னால் தள்ளாதீர்கள்.

பதினாறாம் நாளுக்குள் ஒரு தாள் நீட்டப்படும். "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்பார்கள். அது உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் தாளாக இருக்கலாம். வக்கீல் பார்க்காமல் தொடாதீர்கள்.

செத்தவர் உங்களுக்குத் தரவேண்டிய பணம் சாவோடு போய்விடாது. எக்ஸிகியூட்டர், அதாவது அவர் சொத்தையும் கடனையும் தீர்த்துவைக்கும் பொறுப்பாளர், அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் அறிவிப்புப் போடுவார். கோரிக்கை கொடுக்கக் குறைந்தது 30 நாள் உண்டு. பிறகு எஸ்டேட் (செத்தவர் விட்டுப்போன சொத்து, கடன்) கணக்கு, இதைக் கவனிக்கும் அரசு அலுவலகமான மாஸ்டர் அலுவலகத்தில் குறைந்தது 21 நாள் பார்வைக்கு இருக்கும், ஆட்சேபணையை அதற்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் 2,50,000 ரேண்டுக்கு உட்பட்ட சின்ன எஸ்டேட்டுக்குப் பெரும்பாலும் விளம்பரமே வராது. பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே இருந்து கோட்டைவிடுவது இங்கேதான். மாஸ்டர் அலுவலகத்தில் எஸ்டேட் எண்ணை விசாரித்து, பழைய ரசீது, வங்கிக் கணக்கின் நகலோடு எழுதிக் கொடுங்கள்.