பால்டிக் கடலின் வயதைச் சொல்லாமல் அதன் அழுக்கைப் பேசாதீர்கள்

பால்டிக் கடல் என்றாலே 'மாசடைந்த கடல்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சுற்றியிருக்கும் ஒன்பது நாடுகளின் வயல் உரமும் நகரக் கழிவும் அதில் போய்ச் சேர்ந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கடல் பிறந்த கதை தெரியாமல் இதைப் பேசினால் பாதிகூடப் புரியாது என்பது என் உறுதியான கருத்து.

20,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே கடலே கிடையாது. ஸ்காண்டிநேவியா முழுவதையும் பனிப்பாறை மூடியிருந்தது, சில இடங்களில் 3 கிலோமீட்டர் தடிமனுக்கு. அது உருக உருக, தெற்கு விளிம்பில் ஒரு நன்னீர் ஏரி தேங்கியது. சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் மத்திய சுவீடனில் பில்லிங்கன் மலைப்பக்கம் பனி விலக, ஏரி மேற்கே உடைத்துக்கொண்டு ஓடியது. நீர்மட்டம் ஏறக்குறைய 25 மீட்டர் இறங்கிவிட்டது! அதே வழியாகப் பிறகு உப்புநீர் உள்ளே வந்தது. அப்புறம் நிலம் உயர்ந்து வழி அடைபட்டது, மறுபடியும் ஏரி. கடைசியாக, சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்தான் டென்மார்க் பக்கத்து நீரிணைகள் வழியே உப்புநீர் புகுந்து இன்றைய கடல் உருவாகத் தொடங்கியது. இவ்வளவையும் சொன்னவை சேற்றுப் படிவுகளில் கிடந்த சிப்பிகளும் நத்தைகளும்தான். அந்தந்தக் காலகட்டத்துக்கு அவற்றின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: யோல்டியா, ஆன்சைலஸ், லிட்டோரினா. நிலவியலில் எனக்கு மிகவும் பிடித்த துப்பறிதல் இது.

கதை இன்னும் முடியவில்லை. இலவம்பஞ்சு மெத்தையிலிருந்து ஆள் எழுந்ததும் பள்ளம் மெல்ல மேலே வருமே, அப்படித்தான் பனியின் பாரம் நீங்கிய நிலம் இன்றும் எழுந்துகொண்டிருக்கிறது. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள போத்னியா வளைகுடாவின் வடபகுதிக் கரையோரத்தில் ஆண்டுக்கு 8 முதல் 9 மில்லிமீட்டர். சுவீடனின் உயர்கரைப் பகுதியில் பழைய கடற்கரை ஒன்று இப்போது 286 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெப்பமானி மூலம் நாம் அறிந்த செல்சியஸ், 1731இல் யெவ்லெ ஊருக்கு அருகே ஒரு பாறையில் நீர்மட்டத்தைக் கோடு செதுக்கி வைத்தார். தண்ணீர்தான் குறைகிறது என்று அவர் நினைத்தார். உயர்ந்தது நிலம்.

சரி, இதற்கும் மாசுக்கும் என்ன தொடர்பு? அந்த நீரிணைகள்தான். வழியில் குறுக்கிடும் டார்ஸ் என்ற கடலடி மேட்டில் ஆழம் வெறும் 18 மீட்டர், கோபன்ஹேகன் பக்கம் ட்ரோக்டனில் 8 மீட்டர். உள்ளேயோ லாண்ட்ஸோர்ட் பள்ளம் 459 மீட்டர். ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் மேலே மிதக்கிறது, கனமான உப்புநீர் அடியில் தங்குகிறது. இரண்டும் எளிதில் கலப்பதில்லை. வட கடலில் காற்று வாகாக அமைந்து பெரும் வெள்ளமாக உப்புநீர் உள்ளே தள்ளப்பட்டால்தான் அடியாழத்துக்குப் புது ஆக்சிஜன் கிடைக்கும். 1993க்குப் பிறகு 2003, அதன்பின் 2014 டிசம்பர் என்று பத்தாண்டுக்கு ஒருமுறைதான் அப்படிப் பெரிதாக வந்தது. இடைப்பட்ட காலத்தில் உரத்தால் பெருகிய பாசி செத்து அடியில் அழுகும்போது இருக்கும் ஆக்சிஜனும் தீர்ந்துபோகிறது. காட் மீனின் முட்டை மிதக்கப் போதிய உப்பு அந்த ஆழத்தில்தான் உண்டு. ஆக்சிஜன் இல்லாத அதே ஆழத்தில் முட்டைகள் மடிகின்றன.

ஆழத்தில் ஆக்சிஜனைப் பம்பு வைத்துச் செலுத்தலாம் என்ற யோசனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. பால்டிக் கடலைக் காக்கக் கரையோர நாடுகள் செய்துகொண்ட 1974 ஹெல்சிங்கி ஒப்பந்தம் முதல் பேசிவருவது போல, வயலிலிருந்து வரும் பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் கரையிலேயே நிறுத்த வேண்டும். உள்ளே இருக்கும் நீர் முழுதாக மாறவே சுமார் 30 ஆண்டுகள் ஆகும். இன்று நிறுத்தினாலும் பலன் அடுத்த தலைமுறைக்குத்தான். அதற்காகவே இன்றே நிறுத்த வேண்டும் என்கிறேன்.