பச்சை விறகின் புகை இறைச்சியைக் காக்காது

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதிகளில் வீட்டிலேயே மாட்டிறைச்சியைப் புகையூட்டி உப்புக்கண்டம் போடுவோரிடையே, ‘பச்சை விறகின் அடர்ந்த புகையே கிருமிகளைக் கொன்றுவிடும், இறைச்சியைத் தனியாகச் சூடாக்கத் தேவையில்லை’ என்றொரு வாட்ஸ்அப் செய்தி பரவி வருகிறது. இது தவறு.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதிவரைகூட நீராக இருக்கலாம் என்பதால், நெருப்பின் வெப்பம் அந்நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகி, விறகு சரியாக எரியாமல் கரியும் தாரும் கலந்த வெண்புகையைக் கக்குகிறது. அது இறைச்சியில் படிந்து கசப்பையே தரும். சீமைக்கருவேல விறகானாலும் பிளந்து, மழைபடாத காற்றோட்டமான இடத்தில் அடுக்கி, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் இறங்கும்வரை உலர்த்த வேண்டும் (நம் ஊர் வெயில் அதற்குப் பெருந்துணை). முனைகளில் வெடிப்பு தெரிவதும், இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று ஒலிப்பதும் நன்கு உலர்ந்ததன் அடையாளங்கள்.

நன்கு உலர்ந்த விறகின் புகையும் மேற்பரப்பில் ஓரளவே வேலை செய்யும். 6 மில்லிமீட்டருக்கு மிகாமல் அரிந்த துண்டுகளை உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸை எட்டும்படி முதலில் சூடாக்கி, பிறகே 55 முதல் 60 டிகிரியில் உலர்த்த வேண்டும். ஏனெனில், முன்பே உலர்ந்துவிட்ட இறைச்சியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் வெப்பத்தைத் தாங்கும் வலுவைப் பெற்றுவிடுகின்றன. சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் உண்ணும் வீட்டில் இந்தப் படியைத் தவிர்ப்பதை என்னால் ஏற்கவே முடியாது.