பம்ப் பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும்

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் பம்பை, அதாவது வாயில் வைத்து மருந்து இழுக்கும் இன்ஹேலரை, வாங்கி, பெயர் எழுதி, அலுவலக அலமாரியில் பூட்டி வைக்கும் வழக்கம் சில பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. தொலைந்துவிடக் கூடாது, மற்ற பிள்ளைகள் எடுத்து விளையாடக் கூடாது என்ற அக்கறைதான் காரணம். ஆனால் இழுப்பு வரும் நேரத்தில் பிள்ளை திடலின் மறுகோடியில் இருக்கும், சாவி யாரிடமோ இருக்கும். இந்த வழக்கம் நிற்க வேண்டும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளரும் என் அக்கா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். உடற்கல்வி நேரத்தில் ஓடி முடித்து உட்கார்ந்த பிறகு விடாமல் இருமியிருக்கிறான். "தண்ணி குடி, சரியாப் போயிடும்" என்றிருக்கிறார் ஆசிரியர். நல்ல மனிதர்தான். மூச்சில் விசில் சத்தம் கேட்கவில்லை, அதனால் இது ஆஸ்துமா இல்லை என்று நினைத்துவிட்டார். அன்று மாலை அவனைக் கிளினிக்குக் கொண்டுபோய் கேஸ் (முகமூடி வழியாக மருந்தை ஆவியாக இழுக்கவைப்பது) வைக்க வேண்டியதாயிற்று.

சில பிள்ளைகளுக்கு இருமல் மட்டும்தான் அறிகுறி. ஓடும்போது சும்மா இருந்து, நின்ற சில நிமிடங்களில் வரும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. இழுப்பு மிகக் கடுமையானால் விசில் சத்தம் அடங்கிவிடும், காற்றே உள்ளே போகாததால். சத்தம் நின்றது, பிள்ளை தேறிவிட்டான் என்று யாரும் விட்டுவிடக் கூடாது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்குகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் உடனே 999க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்காரவையுங்கள். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் பம்ப்தான் அவசரத்துக்கு. ஸ்பேசர் (பம்பின் வாயில் மாட்டும் பிளாஸ்டிக் குழல்) இருந்தால் அதில் பொருத்தி, ஒரு தடவை அழுத்தி, பிள்ளையை நான்கைந்து முறை மூச்சு இழுக்க விட்டு, அப்புறம் அடுத்தது. காலையும் இரவும் வீட்டில் எடுக்கும் பழுப்பு நிற பம்ப் அந்த நேரத்துக்கு உதவாது.

அதற்காகப் பிள்ளையை விளையாட்டிலிருந்து ஒதுக்கி, குறுக்கோட்டப் போட்டியன்று மரத்தடியில் உட்கார வைப்பதும் தவறு. 1988, 1992 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கத் தடகள வீராங்கனை ஜாக்கி ஜாய்னர் கெர்சிக்கும் ஆஸ்துமாதான். நன்றாக உடம்பைச் சூடாக்கி, டாக்டர் சொல்லியிருந்தால் முன்கூட்டியே பம்ப் எடுத்து ஓடலாம்.

காற்று எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்று காட்டும் புகைமூட்டக் குறியீடு (API) 100ஐத் தாண்டினால் திடலுக்குப் போகக் கூடாது என்று எல்லாப் பள்ளிகளுக்கும் தெரியும். ஆனால் லயத்துக்கு (தோட்டத்து வீட்டு வரிசைக்கு) பின்னால் குப்பை கொளுத்தினாலோ கொசுப்புகை அடித்தாலோ, குறியீடு குறைவாக இருக்கும் நாளிலும் இந்தப் பிள்ளைகளுக்கு நெஞ்சு இறுகும்.

பெற்றோரே, நாமும் பேச வேண்டும். "பம்ப் பழகிவிடும்" என்று பயந்து மறைக்கிறோம். பம்ப் அடிமையாக்காது. வகுப்பாசிரியரிடம் விவரத்தை எழுதிக் கொடுங்கள்.

வருகிற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்கப் போகிறேன்: பம்ப் பிள்ளையிடமே இருக்க அனுமதி, அரசாங்க கிளினிக்கிலிருந்து ஒரு மிஸ்ஸி (தாதி) வந்து ஆசிரியர்களுக்கு அரை மணி நேரம் செய்துகாட்ட ஏற்பாடு. பம்ப் வைத்திருக்கும் பிள்ளைகளின் அம்மா அப்பாமார்கள் கூட வாருங்கள்.